கொஞ்சம் வெளுத்திருக்கிறது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் கால்வலி குறையவில்லை, உன் அத்தானின் குறட்டையும் குறையவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நீதான் எழுதுவதே இல்லையே. சின்ன வயதில் உனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவள் நான். காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

போனில் கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் படகுத்துறையில் இருக்கும் ஒரே போன் முதலாளியின் மேசைமேல் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

விஷயம் இதுதான். வாண்டுவுக்கு உன் காயலைக் காட்ட வேண்டும். நீ ஊர்ப்பட்ட பேருக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கடலுக்கடியைக் காட்டுகிறாய். சொந்த அக்கா மகளை ஒரு தடவை கூப்பிட்டது உண்டா? நீ எப்போதோ எழுதிய கிளிமீனை வரைந்து வரைந்து அவள் கட்டில் பக்கத்துச் சுவரையே கெடுத்து வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு நாள் போதும். காலையில் வந்து சாயந்திரம் திரும்பிவிடுவோம். நானும் அவளும் மட்டும். அத்தானுக்கு லோடு இருக்கிறது, லாரியை விட்டு வர மாட்டார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு ஒரு நாள் லீவு கிடைக்கும். மேற்பார்வைக்காரி ஒரு நாள் இல்லாவிட்டால் நோயாளிகள் அழுக்குப் படுக்கையில் செத்துப்போய்விட மாட்டார்கள்.

சீக்கிரம் தேதி சொல். பரீட்சை முடியட்டும் என்று எழுதாதே. பரீட்சை வருஷா வருஷம் வரும். ஏன், எதற்கு என்றும் கேட்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று காலையில் நான் வாளி வாளியாகப் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். படித்ததும் ஈரக் கையோடு குதித்தேன். படகு ஓட்டும் அண்ணன், "என்னடா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முதுகு மட்டும் வெயிலில் உரிந்து உரிந்து பாம்புச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

பரீட்சையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டி வரும் முதல் அம்மா நீயாகத்தான் இருப்பாய். சரி, கேட்கவில்லை.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. அன்றைக்குக் காலையில் தண்ணீர் ஏறும். வற்றிய நேரத்தில் வந்தால் வயிறு பவளத்தில் உரசும். ஏறும் நேரத்தில் வந்தால் மிதந்துகொண்டே பார்க்கலாம். முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். துறையில் நான் நிற்பேன். முழுக்கைச் சட்டை போட்டு வரட்டும். முகத்துக்குக் களிம்பு எதுவும் வேண்டாம், தண்ணீரில் கரைந்து மீனுக்குக் கெடுதல். படகில் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். குமட்டினால் முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வா.

நம் காயலை நீ கடல் என்று நினைத்துப் பயப்படாதே. பாறைத்திட்டு வட்டமாகச் சுற்றி நின்று அலையைத் தடுத்துவிடும். நடுவில் தண்ணீர் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். தலையைக் குனிந்தால் போதும், கீழே ஒரு ஊரே இருக்கிறது. ஊதாவில் விசிறி விசிறியாக, மஞ்சளில் முட்டைக்கோஸ் மாதிரி, சிவப்பில் மான்கொம்பு மாதிரி, எல்லாம் பவளம். அதற்குள்ளே நீல மீன்கள் பள்ளிக்கூடம் விட்டதுபோல ஓடும். நானும் எத்தனையோ தடவை இறங்கிவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வாண்டுவிடம் சொல். சந்தோஷப்படுவாள். அவள் கண்ணாடியின் பவர் என்ன என்று எழுது. அந்தப் பவரிலேயே ஒரு முகக்கண்ணாடி செய்து வைக்கிறேன்.

உன்,
தம்பி


மார்ச் 22

மாமாவுக்கு,

வணக்கம். நான் வாண்டு. நலமா? எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

என் பவரைக் கேட்டிருந்தீர்கள். அம்மா பழைய நம்பரை எழுதுவாள். அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். எனக்குப் பவர் பிரச்சினை இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். கண் டாக்டர் என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் சொன்னார். எனக்குக் கண்தான் சரியில்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது. "முதல்ல நிறம் போகும், அப்புறம் உருவம் போகும், வருஷக் கடைசிக்குள்ள வெளிச்சம் இருட்டு மட்டும்தான் மிஞ்சும்" என்று சொன்னார்.

அம்மா வெளியே வந்து, "சத்து கொறைவாம்டி, கேரட் சாப்பிடணுமாம்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் கேரட். மாமா, எனக்குக் கேரட்டே பிடிக்காது. அம்மா சொன்ன பொய்க்காகச் சாப்பிடுகிறேன். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். நீங்களும் சொல்லக் கூடாது.

சிவப்பு இப்போதே பழுப்பு மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் பாதிதான் இருக்கிறது. நீலம் இன்னும் இருக்கிறது. அதனால் நீல மீனை முதலில் காட்டுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்தால், அம்மாவுக்கு எழுதும்போது எங்காவது 'கேரட்' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

தங்கள்,
வாண்டு


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அத்தானும் சுகமா? வாண்டு நன்றாகச் சாப்பிடட்டும். கேரட் நிறையச் சாப்பிடச் சொல்.

பன்னிரண்டாம் தேதி வேண்டாம் அக்கா, கொஞ்சம் தள்ளி வைப்போம். இந்த வருஷம் வெயில் கொளுத்துகிறது. காயல் தண்ணீர் அடுப்பில் ஏற்றிய மாதிரி இருக்கிறது, இறங்கினால் உடம்புக்குச் சுகமாகவே இல்லை. கீழேயும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மே முதல் வாரம் பார்க்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் ஊருக்கு வந்து போனார், சுகம். என் கால் அப்படியேதான் இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாய், நாள் முழுக்க நான் நிற்பதே வெந்நீரில்தான். கேரட் சமாச்சாரத்தை உனக்கு யார் சொன்னது? சரி, போகட்டும்.

வெயில் என்று ஒரு காரணமா? பிள்ளை கரைந்தா போய்விடுவாள்? "கொஞ்சம் வெளுத்திருக்கிறது" என்று நீ எழுதியதை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். நல்லதுதானே! எனக்கெல்லாம் வெளுத்தால்தான் சம்பளம். ரத்தமும் மருந்தும் கறையேறி வரும் விரிப்பைக் கொதிக்கவைத்து, பவுடர் போட்டு, நீலம் போட்டு அலசி, வெளுத்துக் கொடியில் போட்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். உன் கடலும் அடிவரை பளிச்சென்று சுத்தமாகிவிட்டதாக்கும். அப்புறம் என்ன, எங்களைக் கூப்பிட வேண்டியதுதானே?

வாண்டு இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சலவைக்கூடத்துக்கு வந்துவிடுகிறாள். பின்பக்கம் துணி காயும் வெட்டவெளியில், கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். "வீட்டுக்குப் போய் விளையாடேண்டி" என்றால், "இங்கதாம்மா நல்லாருக்கு, எல்லாம் பளிச்சுனு இருக்கு" என்கிறாள். வகுப்பில் முன் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுகிறாள், வாசற்படியில் இடித்துக்கொள்கிறாள். வளர்கிற வயது அல்லவா, கை கால் ஒரு நிலையில் நிற்காது.

மே மூன்றாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி மாற்றாதே. மாற்றினால் நான் வரும் வேகத்தில் உன் முதலாளி படகைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

வணக்கம். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். போன வருஷம் தாங்கள் எங்கள் காயலில் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் எடுக்க வந்தபோது குப்பிகளைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியவன் நான். சந்தேகம் இருந்தால் எழுதச் சொல்லி அட்டை கொடுத்தீர்கள்.

மார்ச் கடைசியிலிருந்து பவளம் எல்லாம் வெள்ளையாகிக்கொண்டு வருகிறது. முதலில் மான்கொம்பின் நுனி, அப்புறம் கிளை, இப்போது கிழக்கு மூலையில் ஒரு சின்னத் திட்டைத் தவிர எல்லாமே வெள்ளை. எலும்பைப் பரப்பி வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு இறங்கவே பிடிக்கவில்லை. "வெளுத்துப் போச்சுன்னு ஒருத்தன் வாயில வந்துச்சு, அன்னையோட வேலை போச்சு" என்று முதலாளி எங்களை மிரட்டியிருக்கிறார். துறையில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'வெண்பவளத் தோட்டம்' என்று புதிதாக எழுதி மாட்டிவிட்டார். ஆட்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மேடம், இது செத்துவிட்டதா? நிறம் திரும்புமா? திரும்பினால் எப்போது திரும்பும்? என் அக்கா மகளை அழைத்து வர வேண்டும். அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவள் கண்ணுக்கு நிறம் பிடிபடும்போதே காட்டிவிட வேண்டும். இப்போதே கூப்பிட்டு இந்த எலும்பைக் காட்டவா, நிறம் வரும்வரை காத்திருக்கவா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.

படகுத்துறை வழிகாட்டி


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மே மூன்றும் முடியாது. படகின் அடியைச் சுரண்டிச் சாயம் அடிக்கக் கரையேற்றிவிட்டார்கள். அப்புறம் காற்றுக் காலம். ஆகஸ்டில் தண்ணீர் குளிர்ந்துவிடும், எல்லாம் பழையபடி இருக்கும். ஆகஸ்டில் கட்டாயம் வாருங்கள்.

நீ அனுப்பிய பவரிலேயே வாண்டுவுக்கு முகக்கண்ணாடி செய்து வைத்திருக்கிறேன். பட்டை நீலம்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் கணக்காகப் பதில் எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பேனாவையே தொடவில்லை. உங்கள் துறையில் படகே ஓடவில்லை என்கிறாய். எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் மாமியார் வீட்டாரோடு மே பத்தாம் தேதி அங்கே வந்து, படகேறிச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஊரான் எல்லாம் பார்க்கலாம், என் பிள்ளை பார்க்கக் கூடாதா? அப்படி நாங்கள் உனக்கு என்ன பாரம்? துறையில் சலவைக்காரி அக்கா என்று சொல்லிக்கொள்ள வெட்கமா?

இனி மறைத்துப் பயனில்லை. வாண்டுவுக்குக் கண் போகிறது. வருஷக் கடைசிக்குள் ஒன்றும் மிஞ்சாது என்று டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு பேரிடம் காட்டினோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் மார்ச்சில் உன்னிடம் அப்படிப் பறந்தேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேரட் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் பாவம்.

போன வாரம் என் சிவப்புப் புடவையைப் பார்த்து, "அம்மா, சாம்பல் கலர்ல புதுசு எடுத்தியா?" என்றாள். நான் "ஆமாடி" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆகஸ்ட் வரை அவள் கண் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒன்று, உடனே வா என்று எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், என்னை அப்படி நினைக்காதே. எனக்கு முன்பே தெரியும். எப்படி என்று கேட்காதே. தெரிந்ததால்தான் தள்ளிப்போட்டேன்.

படகைப் பற்றிப் பொய் சொன்னது உண்மைதான். இப்போது காயல் பார்க்கிற நிலையில் இல்லை. இதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் கண் கடைசியாகப் பார்க்கப்போவது இதுவாக இருந்தால், அது முழுசாக இருக்க வேண்டும் அக்கா. அரைகுறையாக, அழிந்ததாக இருக்கக் கூடாது. நான் உனக்கு எழுதிய அந்த ஊதாவும் மஞ்சளும் சிவப்பும் எல்லாம் இருக்க வேண்டும். மழை ஒன்று பிடித்துப் பெய்தால் போதும், தண்ணீர் குளிர்ந்துவிடும். தெரிந்தவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்துவிடும்.

நான் தினமும் விடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் பார்க்கிறேன். ஒரு கிளையில் கொஞ்சம் நிறம் தெரிந்தாலும் அன்றைக்கே உனக்குப் போன் போடுவேன். முதலாளி கேட்டால் கேட்கட்டும்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நிச்சயம். நிறம் வந்தாலும் வராவிட்டாலும் வாருங்கள். இன்னும் கொஞ்ச நாள், எனக்காகப் பொறுத்துக்கொள்.

தம்பி


ஜூலை 26

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கள ஆய்வுக்குக் கப்பலில் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். மேசையில் உங்கள் ஏப்ரல் கடிதம் மற்ற தபால்களுக்கு அடியில் கிடந்தது. மன்னிக்கவும்.

வெள்ளையாகிவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. நிறமும் அதுதான் தருகிறது, சோறும் அதுதான் போடுகிறது. சூடு தாங்காமல் அது வெளியேறிவிட்டால் உள்ளே இருக்கும் எலும்பு தெரிய ஆரம்பிக்கும். அப்போதும் உயிர் இருக்கும், ஆனால் பட்டினி கிடக்கும். சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்து வெப்ப அளவுகளை இன்று எடுத்துப் பார்த்தேன். குளிரவே இல்லை. இதைப் படிக்கும்போது வெள்ளையும் போய், மேலே அழுக்குப் பாசி படர்ந்து பழுப்பாகியிருக்கும். இனி நம் காலத்தில் பழைய நிறம் வரும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா மகளை அழைத்து வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்போதே அழைத்து வந்திருக்கலாம். கிழக்குத் திட்டில் நிறம் மிச்சம் இருந்திருக்கிறது. வெளுத்த பவளமும், நான் இப்படிச் சொல்லக் கூடாது, வெயில் விழும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

இப்படிக்கு,
தண்ணீர் எடுக்க வந்த மேடம்


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று அன்றைக்கே போனில் சொன்னேன். வாண்டுவின் தோள் மட்டும் வெயிலில் லேசாக உரிந்தது, ஆறிவிட்டது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தாய்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே போனாய். நான் உங்கள் பின்னால் மிதந்தேன். நீ நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி, "இந்தா வாண்டு, இது ஊதா. இந்தப் பக்கம் பாரு, மஞ்சள், பெரிய மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டே போனாய். நானும் குனிந்து பார்த்தேன். சலவைக்கூடத்துச் சாக்கடைக் கல்லில் படியும் வழுவழுப்பு மாதிரி, எங்கே பார்த்தாலும் பழுப்பு. ஒரு கிளையில் கை பட்டது, பொடிந்து விழுந்தது. மீனையும் காணோம்.

நீ எழுதிய "கொஞ்சம் வெளுத்திருக்கிறது" அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான். சுத்தம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், அவளுக்கும் அப்படியே படித்துக் காட்டினேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று தெரிந்தும் நீ ஒரு வரி எழுதித் திருத்தவில்லை. ஏப்ரலில் ஒரு வரி எழுதியிருந்தால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பேன். ஜூனில்கூட வந்திருப்பேன். நானும் மார்ச்சிலேயே உனக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவுக்கு ஏற்ற தம்பி. ஊமைக்கோட்டான் என்று உன்னை மட்டும் சொன்னது தப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா, இனிமே கேரட் வேண்டாம்மா. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இருமிக்கொண்டே துறைப் படியில் நின்று கை காட்டியது கண்ணிலேயே நிற்கிறது. வெந்நீர் குடி. அவளும் உனக்கு எழுத வேண்டும் என்கிறாள். மெதுவாக எழுதுவாள்.

அக்கா


செப்டம்பர் 3

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் நின்றுவிட்டதா? அம்மா தினமும் கேட்கிறாள், ஆனால் உங்களிடம் கேட்க மாட்டாளாம்.

அட்டையில் நீளமாக ஒரு ஓட்டை வெட்டி, அதைத் தாள்மேல் வைத்து அதற்குள்ளேயே எழுதுகிறேன். எங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்தார். வரிமேல் வரி ஏறியிருந்தால் அம்மாவின் தப்பு, அவள்தான் நகர்த்துகிறாள். கேரட் நின்றுவிட்டது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. நீல மீனைப் பார்க்க முடியவில்லை. நீலம் ஜூலையிலேயே போய்விட்டது.

காயலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை மாமா. இருட்டு அறையில் கறுப்புப் பூனையைத் தேடுகிற மாதிரி இருந்தது. நீங்கள் ஊதா, மஞ்சள் என்று சொல்லச் சொல்ல, எல்லாம் அங்கேதான் இருக்கிறது, என் கண்தான் அதற்குள் முழுசாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அழுதேன். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நீங்கள் கழற்றி, எச்சில் துப்பிக் கழுவிக் கொடுத்தீர்கள்.

திரும்பும்போது நீங்கள் படகின் முன்பக்கம் கயிறு சுருட்டப் போய்விட்டீர்கள். அப்போது படகு ஓட்டும் அண்ணன் என்னிடம் சொன்னார்: "நீ மே மாசம் வந்திருக்கணும் பாப்பா. அடியில எல்லாம் வெள்ளை வெளேர்னு, துணி காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. வெயில் அடிச்சா கண்ணே கூசும்."

அம்மாவின் கொடிக்கு நேற்றும் போனேன். ஆட்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, துணி மூட்டை தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. ஆனால் விரிப்பு காற்றில் எழும்புவதும் இறங்குவதும் நன்றாகத் தெரிகிறது. அதன் ஓரம்கூடத் தெரிகிறது. மே மாதத்தில் இதைவிடவும் நன்றாகத் தெரிந்தது. எனக்கு நிறம்தான் வராது மாமா. வெள்ளை இன்னும் வருகிறது.

நீங்கள் எனக்காகத்தான் காத்திருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். தெரியும். எனக்குக் கோபம் இல்லை, அம்மாவுக்கும் குறைந்துகொண்டு வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாம் வெள்ளையாக இருந்தபோது நீங்கள் தினமும் முதல் ஆளாக இறங்கிப் பார்த்தீர்களாமே. அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மான்கொம்பு எவ்வளவு உயரம், விசிறி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, வெயில் எங்கே விழுந்தது, எல்லாம் எழுதுங்கள். இந்தத் தடவை நிறம் போட்டு எழுத வேண்டாம்.

எழுத்தையும் பெரிதாக எழுத வேண்டாம். அம்மா படித்துச் சொல்வாள்.

தங்கள்,
வாண்டு